ஆசியானின் வாசலில் இலங்கை: 1967, 1981, 1987

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்துள்ள நாடு, உறுப்பினர் ஆவதற்கு முன்பே ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கையோடு தன் கொள்கையைப் படிப்படியாக இணைத்துக் காட்ட வேண்டும். இது அங்கே எழுதி வைக்கப்பட்ட நிபந்தனை. 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது, அப்படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் வாக்களித்த செர்பியா, ரஷ்யா மீதான ஐரோப்பியப் பொருளாதாரத் தடைகளில் மட்டும் சேர மறுத்தது. 2012 முதல் விண்ணப்ப நாடாக இருக்கும் செர்பியாவின் மீது இன்றுவரை வைக்கப்படும் முதன்மையான குறை அதுதான்.

ஆசியாவில் இப்படி எழுதப்பட்ட நிபந்தனை எதுவும் இருந்ததில்லை. ஆயினும் ஒரு கூட்டமைப்பின் வாசலில் இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் உள்ளே போகாமல் திரும்பிய நாடு ஒன்று தமிழகக் கரைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. இலங்கைக்கும் தென்கிழக்கு ஆசிய நாடுகள் சங்கமாகிய ஆசியானுக்கும் இடையே நடந்த இக்கதை தமிழில் அதிகம் பேசப்படவில்லை. பேசப்படும்போதும், 'அன்று சேர்ந்திருந்தால் இலங்கை இன்று இன்னொரு சிங்கப்பூர்' என்னும் பெருமூச்சோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பெருமூச்சு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் ஆசியானை நிறுவும் பிரகடனத்தில் கையொப்பமிட்டனர். சிங்கப்பூரின் சார்பில் கையொப்பமிட்டவர் அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர். ஆசியானின் பிறப்புச் சான்றிதழில் ஓர் ஈழத்தமிழர் கையெழுத்து இருக்கிறது. அவர் பிறந்த நாட்டின் கையெழுத்து இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு; அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பரவலாகச் சொல்லப்படும் விளக்கத்தின்படி இலங்கைக்கு அழைப்பு வந்தது. ஆசியான் மேற்குலகச் சார்புடையது, அணிசேராக் கொள்கைக்கு அது ஒவ்வாது என்று இலங்கை அதை மறுத்தது. ராஜரத்தினம் கால் நூற்றாண்டுக்குப் பின் 1992இல் நினைவுகூர்ந்தது வேறு. கூட்டம் நடந்த இடத்தின் வெளி அறையில் இலங்கையைச் சேர்ந்த ஒருவர் பதற்றத்தோடு காத்திருந்தார், தம் நாட்டைச் சேர்த்துக்கொள்ள ஆதரவு கேட்டார், ஆனால் அது நடக்கவில்லை என்பது அவர் நினைவு. நடக்காததும் நல்லதே, ஏனெனில் அந்நாட்டுக்கு உள்ளும் புறமும் சிக்கல்கள் இருந்தன, புதிதாய்ப் பிறந்த அமைப்பு அவற்றைத் தாங்கியிராது என்பதும் அவர் கருத்து. முதிய அரசியலாளர்களின் நினைவுகளை ஆவணங்களுக்கு இணையாக வைக்க முடியாது. என்றாலும், கொழும்பிலேயே இரண்டு மனங்கள் இருந்தன என்று கொண்டால் இரு விளக்கங்களும் ஓரளவு ஒத்துப்போகின்றன.

இரண்டு மனங்கள் இருந்திருக்கக் காரணமும் உண்டு. அப்போது பிரதமராயிருந்தவர் டட்லி சேனநாயக்க. அவரை மேற்குலக ஆதரவாளர் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட இயலாது. 1952இல் அவருடைய முதல் ஆட்சியில்தான் இலங்கை சீனாவோடு ரப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. கம்யூனிஸ்ட் சீனாவுக்கு ரப்பர் விற்றதற்காக அமெரிக்க உதவியை இழந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மணிலாவில் சியாட்டோ இராணுவக் கூட்டணி உருவானபோது, கம்யூனிச எதிர்ப்பில் முன்னின்ற சர் ஜான் கொத்தலாவலையின் அரசுகூட அதில் சேரவில்லை. வலதுசாரிகள் ஆண்டாலும் இடதுசாரிகள் ஆண்டாலும் இலங்கையின் வெளியுறவில் அரிசி மூட்டை ஒரு தனிக் கட்சியாகவே இருந்து வந்தது. அரிசி விலையை உயர்த்தியதால் மூண்ட 1953 ஹர்த்தாலில் பதவி துறந்தவர் டட்லி. 1966 இறுதியில் அரிசிப் பங்கீட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டு மக்கள் கோபத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தவரும் அவரே. ஆசியான் பிறந்தபோது பீக்கிங் அதைக் கடுமையாகச் சாடியது. மாஸ்கோவும் ஐயத்தோடு பார்த்தது. ஐந்து நிறுவன நாடுகளில் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் சியாட்டோ உறுப்பினர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரித்தானியப் படைகள் இருந்தன. பத்தாண்டுகளுக்கு முன்தான் திருகோணமலை, கட்டுநாயக்க தளங்களைப் பிரித்தானியரிடமிருந்து மீட்ட ஒரு நாட்டில், இந்த வரிசையில் போய் நிற்பதை எதிர்க்கட்சிகள் சும்மா விட்டிருக்குமா?

ராஜரத்தினம் சொன்ன 'உள்நாட்டுச் சிக்கல்' என்ன என்பதையும் பார்க்க வேண்டும். டட்லியின் ஆட்சி தமிழரசுக் கட்சியையும் உள்ளடக்கிய ஏழு கட்சிக் கூட்டணி. 1965 மார்ச்சில் செல்வநாயகத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மாவட்ட சபைகள் அமைய வேண்டும், 1967 வரை அமையவில்லை, பின்னரும் அமையவில்லை. திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசுவரர் ஆலயச் சூழலைப் புனிதப் பகுதியாக அறிவிப்பது பற்றி ஆராய அமைச்சர் மு. திருச்செல்வம் குழு அமைக்க, டட்லி அதைக் கலைக்க, 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது. மறுபுறம், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் நிறைவேறியதும் இதே 1967இல்தான். மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்பது அந்த ஒப்பந்தம். திருநெல்வேலிச் சீமையில் ஒரு மகனைக் கொழும்புக் கப்பலுக்கும் இன்னொரு மகனைப் பம்பாய் ரயிலுக்கும் அனுப்பிய குடும்பங்கள் உண்டு. தாராவியிலும் மாதுங்காவிலும் வேரூன்றியவர்கள் எந்தத் தாளையும் யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கடல் கடந்த சகோதரனோ எண்ணிக்கையாகிப் போனான். ஆசியானின் ஐந்து நாடுகளும் அன்று தங்களுக்குள் இருந்த எல்லைப் பூசல்களையே அடக்கி வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தன. இந்தியாவோடு ஐந்து லட்சம் மனிதரைக் குறித்துக் கணக்குப் பேசிக்கொண்டிருந்த நாடு அவர்களுக்கு ஒரு சுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அடுத்த பத்தாண்டுகளை விரைந்து கடக்கலாம். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க ஆசியான் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கனவு இந்தியப் பெருங்கடல் சமாதான வலயம், ஐ.நா. பொதுச்சபை 1971 டிசம்பர் 16இல் அதை ஏற்றது. அதே ஆண்டு பாகிஸ்தானிய விமானங்கள் இந்திய வான்வெளிக்குள் நுழையத் தடை இருந்தபோது, அவை கராச்சியிலிருந்து புறப்பட்டு, பம்பாய்க்கு அப்பால் அரபிக்கடலின் மேல் தெற்கே இறங்கி, கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டாக்காவுக்குப் பறந்தன. தில்லி அதை மறக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1976இல், கொழும்பு அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டை நடத்தியது.

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்ததும் காட்சி மாறியது. திறந்த பொருளாதாரம், கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணையோடு 1979இல் ஏர்லங்கா என எல்லாவற்றுக்கும் முன்மாதிரி கிழக்கே இருந்தது. வெளியுறவும் மெல்ல அந்தத் திசைக்குத் திரும்பியது. 1979 ஜூனில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் ஒருங்கிணைப்புக் குழுவில் கம்போடியாவின் இருக்கை யாருக்கு என்ற தகராறு எழுந்தது. வியட்நாம் படைகள் விரட்டிய போல் பாட் தரப்பு அமரலாம், பேசக்கூடாது என்று முடிவாயிற்று. 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தானிலிருந்து அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் 104 வாக்குகளால் நிறைவேறியது. ஆசியான் நாடுகளும் இலங்கையும் ஆதரித்து வாக்களித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதே ஆண்டு ஜூலையில் வியட்நாம் ஆதரவு பெற்ற ஹெங் சம்ரின் அரசை இந்தியா அங்கீகரித்தது. ஆசியானின் அன்றைய வெளியுறவுக் கொள்கை முழுவதும் அந்த அரசுக்கு அங்கீகாரம் கிடைக்கவிடாமல் தடுப்பதையே மையமாகக் கொண்டிருந்தது. ஆக, இலங்கை ஆசியானை நோக்கி நடந்த ஒவ்வோர் அடியும் இந்தியாவை விட்டு விலகிய ஓர் அடியாகவும் அமைந்தது.

1981இல் கொழும்பு ஆசியானில் சேர வெளிப்படையாக விருப்பம் தெரிவித்தது. காலக்கணக்கில் ஒரு விந்தை உண்டு. பின்னாளில் சார்க் அமைப்பாக உருவான முயற்சிக்காகத் தெற்காசிய வெளியுறவுச் செயலாளர்கள் முதன்முதலாகக் கூடியது அதே 1981 ஏப்ரலில், அதே கொழும்பில். ஒரு வீட்டுக்குக் கால்கோள் விழா நடத்திக்கொண்டே பக்கத்து ஊரில் வீடு தேடியது இலங்கை. இரண்டு மாதம் கழியுமுன், மே 31 நள்ளிரவையொட்டி, யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. வெளியுறவு வரலாற்று நூல்களில் இவ்விரு நிகழ்வுகளும் வெவ்வேறு அத்தியாயங்களில் வருகின்றன. அவை ஒரே ஆண்டின் நிகழ்வுகள், ஒரே அரசின் காலத்தில் நடந்தவை என்பது வாசகருக்குத் தோன்றுவதே இல்லை.

ஆசியானின் மறுமொழி சுருக்கமானது: இது தென்கிழக்கு ஆசிய நாடுகளின் சங்கம்; இலங்கை தென்கிழக்கு ஆசியாவில் இல்லை. 1967இன் பிரகடனமே அப்பிராந்திய நாடுகளுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது என்பதால் சட்டப்படி இதற்கு எதிர்வாதம் இல்லை. அப்போது சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர் சு. தனபாலன். 1967இலும் 1981இலும் அந்த மேசையில் சிங்கப்பூர் நாற்காலியில் இருந்தவர் தமிழர் என்பது வரலாற்றின் ஒரு தற்செயல். அதற்குமேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

பூகோளம் உண்மையான காரணமா, மரியாதையான சாக்கா? இரண்டும் என்றே சொல்ல வேண்டும். 1976 முதல் பார்வையாளராக இருக்கும் பப்புவா நியூகினிக்கு இன்றுவரை உறுப்புரிமை இல்லை. 1997இல் இராணுவ ஆட்சியின் கீழிருந்த மியான்மர் சேர்க்கப்பட்டது. பூகோளம் அதற்குச் சாதகமாயிருந்தது. 2011இல் விண்ணப்பித்த கிழக்குத் திமோர் 2025 அக்டோபரில் பதினோராவது உறுப்பினராயிற்று. பூகோள விதி பொய்யல்ல. ஆனால் ஆசியானின் எல்லா முடிவுகளும் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுபவை. ஒரு நாடு தயங்கினாலும் போதும். வங்காள விரிகுடாவின் மறுகரையில், இந்தியாவின் காலடியில் இருக்கும் தீவை உள்ளே எடுப்பதென்றால் இந்தியாவோடான அதன் எல்லாப் பிணக்குகளையும் சேர்த்து எடுப்பதாகும். கம்போடியாவில் கழுத்தளவு மூழ்கியிருந்த ஐந்து நாடுகளில் எது அதற்குச் சம்மதித்திருக்கும்?

இதில் கவனிக்கத்தக்கது, கொள்கை ஒத்துப்போனது உதவவில்லை என்பதே. செர்பியாவுக்கு இடம் ஐரோப்பாவில், கொள்கை பொருந்தவில்லை. 1981இன் இலங்கைக்குக் கொள்கை ஏறத்தாழ பொருந்தியது; இடம் பொருந்தவில்லை.

அதன் பிறகு இலங்கையின் வெளியுறவு, எந்தக் கூட்டமைப்பின் கொள்கையோடும் இணையாத தனிப் பேரங்களின் தொகுப்பாக மாறியது. 1982 நவம்பரில் ஃபாக்லாந்து தீவுகள் பற்றிப் பேச்சுவார்த்தை நடத்தக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் 90 நாடுகள் ஆதரித்தன. பிரித்தானியா உட்பட 12 நாடுகள் மட்டும் எதிர்த்தன. அப்பன்னிரண்டில் இலங்கை ஒன்று. மகாவலித் திட்டத்தின் விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா பெருங்கொடை அளித்திருந்த காலம் அது. 1983 ஜூலை இனப்படுகொலைக்குப் பின் தேவை அணையிலிருந்து ஆயுதத்துக்கு மாறியது. 1984இல் கொழும்பின் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. மலேசியாவும் இந்தோனேசியாவும் இஸ்ரேலை அங்கீகரிக்காத நாடுகள். ஆசியானை மனத்தில் வைத்திருந்த அரசு எதுவும் இதைச் செய்திராது. 1985 டிசம்பர் 8இல் டாக்காவில் பிறந்த சார்க்கும் கைகொடுக்கவில்லை. இருதரப்புப் பிணக்குகளும் சர்ச்சைக்குரிய விவகாரங்களும் பேசப்படா என்று அதன் சாசனமே சொல்கிறது.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். ஒப்பந்தத்தின் உடல் அதிகாரப் பகிர்வைப் பற்றியது. அதோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்கள் வெளியுறவைப் பற்றியவை. வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்களின் பணி குறித்து விரைவில் இணக்கம் காண்பது. திருகோணமலையோ இலங்கையின் வேறு எந்தத் துறைமுகமோ இந்திய நலனுக்குக் கேடான வகையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடப்படாமை. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்துவது. வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களுடனான உடன்பாடுகளை மீளாய்வு செய்வது என்பன அவற்றின் சாரம். கடைசி அம்சம் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவைக் கருதியது. பதிலுக்கு, தன் மண்ணில் பிரிவினைச் செயல்களில் ஈடுபடும் இலங்கையரை நாடுகடத்தவும், இலங்கைப் படையினருக்குப் பயிற்சியளிக்கவும் இந்தியா இசைந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் தன் விண்ணப்ப நாடுகளிடம் கேட்பதைவிட இது கூடுதல். அங்கே இணங்கிப்போகும் நாட்டுக்கு நாளை உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு வாக்கும் கிடைக்கும். கொழும்புக்கு நாற்காலி இல்லை, கடிதம் மட்டுமே. பிரதமர் பிரேமதாச ஒப்பந்தத்தை எதிர்த்தது இந்தப் பின்னணியில் விளங்கக்கூடியதே. 1989இல் குடியரசுத் தலைவரானதும் இந்திய அமைதிப்படை ஜூலை 29க்குள் வெளியேற வேண்டும் என்று நாள் குறித்தார். அவ்வாண்டு கொழும்பில் நடக்கவிருந்த சார்க் உச்சிமாநாடு நடக்கவில்லை.

இங்கேதான் 'சேர்ந்திருந்தால்' என்ற பெருமூச்சைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். பொருளாதாரத்தில் அதற்கு ஏதோ ஒரு நியாயம் இருக்கலாம். அரசியலில், குறிப்பாகத் தமிழர் அரசியலில், இருப்பதாகத் தெரியவில்லை. ஆசியானின் ஆணிவேர் 1976இன் பாலி உடன்படிக்கை. அதன் உயிர், பிறர் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமை. அச்சேயிலும், மிண்டனாவோவிலும், தென் தாய்லாந்தின் பட்டாணியிலும், கிழக்குத் திமோரிலும் சிறுபான்மையரின் கிளர்ச்சிகள் எரிந்தபோது ஆசியான் என்னும் அமைப்பு காத்த மௌனம் நீண்டது. 1981இல் இலங்கை உள்ளே போயிருந்தால் 1983ஐப் பற்றியும் அந்த மேசை மௌனமே காத்திருக்கும். ஜயவர்த்தன தேடியது ஏற்றுமதிச் சந்தையை மட்டுமல்ல, அந்த மௌனத்தையும்தான் என்று கருத இடமிருக்கிறது.

மறுபக்கம், 1987இன் பணிவு வெறுங்கையோடு வரவில்லை. அதே ஒப்பந்தத்தின் விளைவே அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம். மாகாண சபைகள் அதிலிருந்து பிறந்தன. குறையுள்ளது, முழுதாக நடைமுறைக்கு வராதது, அதன் பெயரால் வந்த படை யாழ்ப்பாணத்தில் செய்தவை ஆறாத புண்கள். இருந்தும், இலங்கையின் அரசியலமைப்பில் அதிகாரப் பகிர்வென்று தமிழர் சுட்டிக்காட்டக்கூடியது அது ஒன்றே. அது உள்நாட்டுப் பேச்சில் விளையவில்லை. பண்டாரநாயக்கவும் டட்லியும் செல்வநாயகத்தோடு செய்துகொண்டு கிழித்த உடன்பாடுகளின் இடத்தில், தில்லியின் வற்புறுத்தலால் வந்து நின்றது. திருச்செல்வத்தின் குழு கலைக்கப்பட்ட அதே திருகோணமலை, இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டின் பாதுகாப்பு நிபந்தனையாகக் கடிதத்தில் ஏறியதைத் தற்செயல் என்று விட்டுவிடுவது கடினம்.

ஒப்பந்தத்தின் வயது நாற்பதை நெருங்குகிறது. 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தபோதும், 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டபோதும், எழுந்த விவாதங்களில் அந்தக் கடிதங்கள் மீண்டும் எடுத்துக் காட்டப்பட்டன. எண்ணெய்க் குதங்கள் பற்றிய வாக்குறுதி 2022 ஜனவரியில்தான் முழு வடிவம் பெற்றது: 99 குதங்களில் 14 லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 கூட்டு நிறுவனத்திடம். ஆசியானின் பக்கம், 2007இல் பாலி உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது. பிராந்தியப் பாதுகாப்பு மன்றத்திலும் அவ்வாண்டே இடம் கிடைத்தது. 2018இல் சிங்கப்பூரோடு தடையற்ற வணிக உடன்பாடு ஆயிற்று. 2023இல், பொருளாதாரம் சரிந்து எழுந்துகொண்டிருந்த நேரத்தில், ஆசியானை மையமாகக் கொண்ட ஆர்செப் வணிகக் கூட்டமைப்பில் சேரக் கொழும்பு விண்ணப்பம் அளித்தது. அதில் இந்தியா இல்லை. 2019இல் பேச்சுவார்த்தையின் இறுதிக் கட்டத்தில் தானாகவே விலகிக்கொண்டது.